14-ஆம் எண் ஜெர்சிக்காரர்: யோஹான் க்ரைஃப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த க்ரைஃப்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நெதர்லாந்துக் கால்பந்து ஆட்டக்காரர், பிறகு பயிற்சியாளர். 1947 ஏப்ரல் 25 அன்று ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர், 2016 மார்ச் 24 அன்று பார்சிலோனாவில் காலமானார். ஆட்டக்காரராக ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் அணிக்குத் தொடர்ந்து மூன்று ஐரோப்பியக் கோப்பைகள் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர்), தனக்கு மூன்று பாலோன் தோர் விருதுகள் (அன்று ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரப்பட்டது). பயிற்சியாளராக பார்சிலோனாவுக்கு அதன் முதல் ஐரோப்பியக் கோப்பை. இரண்டு வேலையிலும் இந்த உயரத்தைத் தொட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடிய க்ரைஃப், பயிற்சி கொடுத்த க்ரைஃப் என்று இரண்டு பேர் கிடையாது. பழைய ஆட்டங்களைப் பார்த்தால் தெரியும், பந்து காலில் இருக்கும்போதே ஒரு கையை நீட்டி, நீ அங்கே போ, நீ இன்னும் தள்ளி நில் என்று காட்டிக்கொண்டே ஓடுவார். 20 வருஷம் கழித்து அதையே கோட்டுக்கு வெளியே நின்று செய்தார்.

பெயரை எப்படிச் சொல்வது?

டச்சுக்காரர்கள் சொல்வது 'க்ரௌஃப்' என்பதற்கும் 'க்ரைஃப்' என்பதற்கும் நடுவே எங்கோ இருக்கிறது, நம் எழுத்தில் அந்த ஒலி இல்லை. தமிழில் பலரும் க்ரைஃப் என்று எழுதுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

வசதியான குடும்பமா?

இல்லை. அப்பா காய்கறிக் கடைக்காரர். வீடு இருந்த பெட்டன்டோர்ப் பகுதியிலிருந்து அயாக்ஸின் அப்போதைய டி மீர் மைதானம் நடந்து போகிற தூரம்தான். 10 வயதில் அயாக்ஸ் சிறுவர் அணியில் சேர்ந்தார். 12 வயதில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அம்மா அதே அயாக்ஸ் கிளப்பில் துப்புரவு வேலைக்குப் போனார், பிறகு அந்த மைதானத்தைப் பராமரித்து வந்தவரையே மறுமணம் செய்துகொண்டார். ஆக, பையனுக்கு வீடு, அப்பா, அம்மாவின் சம்பளம், விளையாட்டு எல்லாமே அந்த ஒரு மைதானம். அப்பாவின் சாவு அவர் மனதில் கடைசிவரை இருந்தது. அவருக்கே 43 வயதில் இதயத்தில் பிரச்சினை வந்தபோது அந்தப் பழைய பயம் எப்படித் திரும்பியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

முதல் ஆட்டம் எப்போது?

1964 நவம்பர் 15, க்ரோனிங்கன் நகரத்தின் அணிக்கு எதிராக. வயது 17. அயாக்ஸ் 3-1 என்று தோற்றது, அந்த ஒரு கோல் அவருடையது. இரண்டே மாதத்தில் ரீனஸ் மிகெல்ஸ் பயிற்சியாளராக வந்தார், அங்கிருந்துதான் எல்லாம் மாறியது. 1966 டிசம்பரில் மூடுபனியில் பந்தே சரியாகத் தெரியாத ஒரு ராத்திரி லிவர்பூலை 5-1 என்று அடித்ததும் ஐரோப்பா திரும்பிப் பார்த்தது. 1971-இல் பனாதிநாய்கோஸ், 1972-இல் இன்டர் மிலான், 1973-இல் யுவென்டஸ் என்று வரிசையாக மூன்று இறுதிப் போட்டிகளில் வெற்றி. இன்டருக்கு எதிரான இரண்டு கோலும் க்ரைஃப் போட்டவை.

'டோட்டல் ஃபுட்பால்' என்கிறார்களே, அது என்ன?

பத்துப் பேரும் எல்லா வேலையும் செய்வது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். தப்பில்லை, ஆனால் அதில் விஷயம் பாதிதான் இருக்கிறது.

மீதிப் பாதி இடம். மைதானத்தின் நீள அகலம் எப்போதும் ஒன்றுதான், ஆனால் உன்னிடம் பந்து இருக்கும்போது அதைப் பெரிதாக்கலாம், எதிராளியிடம் பந்து இருக்கும்போது சிறிதாக்கலாம். பந்து நம்மிடம் என்றால் இரண்டு விங்கர்களும் (ஓர ஆட்டக்காரர்கள்) கோட்டை ஒட்டிப் போய் நின்று விரிக்க வேண்டும். பந்து போனதும் தடுப்பாட்டக்காரர்கள் பின்னால் ஓடாமல் முன்னால் ஏறி வந்து, ஆஃப்சைடு பொறியும் வைத்து (எதிராளியைத் தங்களுக்குப் பின்னால் விட்டு விதிமீறலில் சிக்கவைப்பது), எதிராளிக்கு மூச்சுவிட இடமில்லாமல் நெருக்க வேண்டும். ஒரு டிஃபெண்டர் பந்தோடு முன்னேறினால் அவர் விட்டுப்போன இடத்தை வேறு ஒருவர் பூசி மெழுகியதுபோல நிரப்பிவிட வேண்டும். ஆள் மாறலாம், இடம் காலியாக இருக்கக் கூடாது. இதை வகுத்தவர் மிகெல்ஸ், ஆனால் களத்துக்குள்ளே நிமிஷத்துக்கு நிமிஷம் நடத்திக்கொடுத்தது க்ரைஃப். சென்டர் ஃபார்வர்டு, அதாவது முன்னால் நடுவில் நின்று கோல் போடுபவர், என்று பெயர் போட்டிருப்பார்கள், அவரோ நடு மைதானத்துக்கு வந்து பந்தை வாங்குவார், இடது ஓரத்துக்குப் போவார், அவரைக் காவல் காக்க வந்த டிஃபெண்டருக்குக் கூடப் போவதா நிற்பதா என்றே புரியாது. போனால் நடுவில் ஓட்டை, நின்றால் க்ரைஃப் தனியாக.

அந்த 14-ஆம் எண் எப்படி வந்தது?

அந்தக் காலத்தில் முதலில் இறங்கும் பதினொரு பேரும் 1 முதல் 11 வரை அணிவது வழக்கம், க்ரைஃப் 9 அணிவார். 1970-இல் காயத்திலிருந்து திரும்பி வந்த நேரம், பிஎஸ்வி அணியோடு ஆட்டம். கூட ஆடிய கெரி மூரனின் 7-ஆம் எண் ஜெர்சியைக் காணவில்லை. இவர் தன் 9-ஐ அவரிடம் கொடுத்துவிட்டுக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார், அது 14. ஆட்டம் ஜெயித்தது, பிடித்துப்போய்விட்டது. 2007-இல் அயாக்ஸ் அந்த எண்ணை வேறு யாருக்கும் தருவதில்லை என்று ஓய்வு கொடுத்துவிட்டது.

அவ்வளவு ஜெயித்துக்கொண்டிருந்தவர் 1973-இல் ஏன் அயாக்ஸை விட்டுப் போனார்?

ஓட்டெடுப்பு. கேப்டன் யார் என்று ஆட்டக்காரர்களே வாக்களித்தார்கள், பீட் கெய்சர் ஜெயித்தார். கூட ஆடியவர்களே தன்னை வேண்டாம் என்று சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை, உடனே கிளம்பிவிட்டார். பார்சிலோனா அன்றைய உலகச் சாதனைத் தொகையைக் கொடுத்து வாங்கியது.

இந்த இடத்தைக் கவனியுங்கள், ஏனென்றால் இவர் வாழ்க்கை முழுக்க இதே கதைதான் திரும்பத் திரும்ப வரும். ஒரு சண்டை, ஒரு வெளியேற்றம், போன இடத்தில் ஒரு புது ஆரம்பம். அவரே அடிக்கடி சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு, டச்சுக்காரர்கள் பழமொழி மாதிரியே பயன்படுத்துகிறார்கள்: ஒவ்வொரு பாதகத்திலும் ஒரு சாதகம் இருக்கிறது. அவர் விஷயத்தில் அது அப்படியே பலித்தது.

பார்சிலோனாவில் அவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

1960-க்குப் பிறகு அந்த அணி லீக் பட்டமே வாங்கவில்லை. 1973 அக்டோபரில் இவர் முதல் லீக் ஆட்டம் ஆடியபோது அணி பட்டியலில் கீழே கிடந்தது. சீசன் முடிந்தபோது சாம்பியன். நடுவே 1974 பிப்ரவரி 17 அன்று ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானத்தில் 5-0. ஸ்பெயினில் ஃப்ராங்கோ சர்வாதிகாரம் நடந்துகொண்டிருந்த காலம், பார்சிலோனா இருக்கும் கட்டலோனியாவின் கட்டலான் மொழியும் அடையாளமும் நசுக்கப்பட்டிருந்த காலம். அந்த 5-0 கட்டலான் மக்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை ஒரு ஸ்கோர்போர்டு சொல்லாது.

அதே மாதம் 9-ஆம் தேதி மகன் பிறந்தான். யோர்டி என்று பெயர் வைத்தார்கள். கட்டலோனியாவின் காவல் புனிதரின் பெயர் அது, ஸ்பெயின் அரசாங்கத்தில் கட்டலான் வடிவத்தில் பதிய விடமாட்டார்கள், 'ஹோர்ஹே' என்று ஸ்பானிஷில்தான் எழுத வேண்டும் என்றார்கள். பிள்ளை பிறந்ததோ ஆம்ஸ்டர்டாமில், பெயரும் அங்கேயே பதிவாகிவிட்டது. அந்தத் தாளை நீட்டி, இதுதான் பெயர் என்று நின்றுவிட்டார். ஒரு வெளிநாட்டுக்காரர் தங்கள் பெயருக்காக அதிகாரியிடம் மல்லுக்கு நின்றதை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

1974 உலகக் கோப்பையில் அந்தத் திருப்பம், 'க்ரைஃப் டர்ன்', எப்படிச் செய்தார்?

ஜூன் 19, டோர்ட்மண்ட், சுவீடனோடு ஆட்டம். இடது ஓரம். க்ரைஃப் கோலுக்கு முதுகு காட்டி நிற்கிறார், பின்னாலேயே ஒட்டிக்கொண்டு யான் ஓல்சன் என்ற டிஃபெண்டர். வலது காலைத் தூக்குகிறார், உடம்பு முழுக்க, தோள் கூட, பந்தை உள்ளே அடிக்கப் போகிற மாதிரியே திரும்புகிறது, ஓல்சனும் அந்தப் பக்கம் சாய்கிறார். கால் இறங்கும்போது அடிக்கவில்லை, பாதத்தின் உட்புறத்தால் பந்தைத் தன் நிற்கும் காலுக்குப் பின்னால் இழுத்துவிட்டு அரை வட்டம் சுற்றி எதிர்ப்பக்கம் போய்விட்டார். ஓல்சன் இரண்டடி தப்பான திசையில் போய்த் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆளைக் காணோம்.

அந்த ஆட்டம் 0-0 என்றுதான் முடிந்தது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். கோலாகாத ஒரு அசைவை ஐம்பது வருஷமாக உலகமெங்கும் பிள்ளைகள் மண் மைதானத்திலும் தெருவிலும் பழகிக்கொண்டிருக்கிறார்கள். ஏமாந்துபோன ஓல்சனே அதைத் தன் வாழ்நாளின் பெருமையாகத்தான் பின்னால் சொன்னார்.

இறுதிப் போட்டியில் ஏன் தோற்றார்கள்?

ஜூலை 7, மியூனிக், எதிரே மேற்கு ஜெர்மனி. தொடங்கியதும் டச்சு அணி பாஸ் பாஸாகக் கொடுத்துக்கொண்டே இருந்தது, தன் பாதி மைதானத்திலிருந்து க்ரைஃப் பந்தோடு கிளம்பி நேராக உள்ளே புகுந்தார், ஹோனஸ் தடுக்கி வீழ்த்தினார், பெனால்டி. நேஸ்கன்ஸ் அடித்து 1-0. ஜெர்மானியர் ஒருவர் காலில் பந்து படுவதற்குள் கோல்.

அதற்குப் பிறகு டச்சு அணி அந்த இரண்டாவது கோலைத் தேடாமல் பந்தைச் சுற்றவிட்டு அழகு காட்டியது. ஜெர்மனியை அவமானப்படுத்த ஆசைப்பட்டார்கள் என்பது அந்த அணிக்குள்ளேயே பிறகு ஒப்புக்கொண்ட விஷயம். பிரைட்னர் பெனால்டியில் சமன் செய்தார், பாதி ஆட்டத்துக்குச் சற்று முன்னால் கெர்ட் முல்லர் இரண்டாவது. 2-1, முடிந்தது. ஜெர்மன் டிஃபெண்டர் பெர்ட்டி ஃபோக்ட்ஸ் க்ரைஃபை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டதும் ஒரு காரணம்.

சின்னத் தகவல்: அந்தத் தொடரில் எல்லா டச்சு ஆட்டக்காரர்களின் ஜெர்சியிலும் அடிடாஸின் மூன்று கோடுகள், இவர் ஜெர்சியில் மட்டும் இரண்டு. இவருக்கு அடிடாஸின் போட்டி நிறுவனமான பூமாவோடு ஒப்பந்தம். 70-களிலேயே ஒரு ஆட்டக்காரர் தன் விலை என்ன என்று தெரிந்து வைத்திருந்தார்.

1978 உலகக் கோப்பைக்கு ஏன் போகவில்லை? அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியை எதிர்த்தா?

பல வருஷம் அப்படித்தான் நம்பினார்கள். மனைவி தடுத்துவிட்டார் என்றும் பேசினார்கள். 2008-இல் கட்டலோனிய வானொலியில் அவரே வாய் திறந்தார்: 1977-இல் பார்சிலோனா வீட்டுக்குள் ஆட்கள் புகுந்து, பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போதே துப்பாக்கியை நீட்டிக் கட்டிப்போட்டுக் கடத்தப் பார்த்தார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் போலீஸ்காரர்கள் வீட்டிலேயே தூங்கினார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்போதும் போலீஸ். அந்த மனநிலையில் குடும்பத்தை விட்டுவிட்டு அர்ஜென்டினாவுக்கு எப்படிப் போவது? முப்பது வருஷம் கோழை, பிடிவாதக்காரன் என்று என்னென்னவோ சொன்னார்கள், அவர் விளக்கமே கொடுக்காமல் இருந்தார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இங்கேதான்.

அப்புறம் ஓய்வா?

1978-இல் ஓய்வு என்றார். ஆனால் பன்றிப் பண்ணை உள்ளிட்ட சில தொழில்களில் போட்ட பணம் பெருமளவு போய்விட்டது, மறுபடி பூட்ஸ் மாட்ட வேண்டி வந்தது. லாஸ் ஏஞ்சலஸ், வாஷிங்டன், ஸ்பெயினில் லெவான்டே என்று சுற்றிவிட்டு 1981 டிசம்பரில் அயாக்ஸுக்கே திரும்பினார். 34 வயதில் இவருக்கு எதற்கு இந்த வேலை என்றார்கள், திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே கீப்பர் தலைக்கு மேலே தூக்கிப் போட்டு ஒரு கோல்.

1982 டிசம்பரில் ஹெல்மண்ட் ஸ்போர்ட் அணிக்கு எதிரான அந்தப் பெனால்டியும் இந்தக் காலம்தான். பந்தை வைத்துவிட்டு அடிக்காமல் இடப்பக்கம் மெதுவாக உருட்டிவிட்டார், கூட ஆடிய யெஸ்பர் ஓல்சன் ஓடி வந்து எடுத்தார், கீப்பர் அவரை நோக்கிப் பாய, பந்து திரும்ப க்ரைஃபிடம், காலி வலை. பெல்ஜியத்தின் ரிக் கோப்பன்ஸ் 1957-லேயே இதைச் செய்திருக்கிறார், ஆனால் உலகம் பார்த்துக் கற்றுக்கொண்டது இவரிடம்.

1983-இல் அயாக்ஸ் புது ஒப்பந்தம் தரவில்லை. வயதாகிவிட்டதாம். கோபத்தில் நேரே பரம எதிரியான ஃபெயனூர்டுக்குப் போனார். சீசன் ஆரம்பத்தில் அயாக்ஸ் 8-2 என்று அவர்களை நொறுக்கியது. சீசன் முடிவில் லீக், கோப்பை இரண்டும் ஃபெயனூர்டுக்கு, பத்து வருஷத்தில் அவர்களுடைய முதல் லீக் பட்டம். 37 வயதில் இப்படி விடைபெற்றவர்கள் மிகக் குறைவு.

பயிற்சியாளர் உரிமம் இருந்ததா?

கிடையாது. அதனால் 1985-இல் அயாக்ஸில் 'தொழில்நுட்ப இயக்குநர்' என்று பெயர் கொடுத்து உட்கார வைத்தார்கள். முதல் சீசனில் லீக்கில் மட்டும் 120 கோல், ஆனாலும் பட்டம் பிஎஸ்விக்குப் போய்விட்டது. அயாக்ஸ் பயிற்சியாளராக அவர் லீக் பட்டம் வாங்கவே இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1987-இல் ஐரோப்பிய கோப்பை வென்றோர் கோப்பை கிடைத்தது, ஏதென்ஸில் ஒரே கோல், அடித்தவர் வான் பாஸ்டன். 17 வயது பெர்க்காம்பை இறக்கிவிட்டவரும் இவரே. மூச்சுவிடக் கற்றுக்கொடுக்க ஓபரா பாடகர் ஒருவரைக் கூட்டி வந்தார். ஆனால் அணியின் ஆட்டக்காரர் ரைக்கார்டுடன் மோதல், நிர்வாகத்தோடு மோதல், 1988 ஜனவரியில் வெளியே வந்துவிட்டார். பழைய கதைதான்.

பார்சிலோனாவில் பயிற்சியாளராக அப்படி என்ன செய்தார்?

1988-இல் அவர் வந்தபோது கிளப் ரணகளம். ஆட்டக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து தலைவர் நூன்யெஸ் விலக வேண்டும் என்று அறிக்கை விட்டிருந்தார்கள், பெரும்பாலானவர்கள் அந்தக் கோடையில் அனுப்பப்பட்டார்கள். க்ரைஃப் பாஸ்க் பகுதியிலிருந்து பக்கேரோ, பெகிரிஸ்டைன் போன்றவர்களையும், பிறகு கூமன், லௌட்ரப், ஸ்டொய்ச்கோவையும் கொண்டுவந்தார். 1990 டிசம்பரில் மெலிந்த உடம்போடு குவார்டியோலா என்ற பையனை நடு மைதானத்தில் இறக்கினார். வேகம் கிடையாது, உடல் பலம் கிடையாது. பந்து வருவதற்கு முன்னாலேயே அடுத்த பாஸ் எங்கே என்று தெரிந்திருக்கும், க்ரைஃபுக்கு அது போதும்.

தினமும் 'ரோண்டோ' என்ற பயிற்சி. வட்டமாகச் சிலர் நின்று ஒரே தொடுதலில் பந்தைச் சுற்றவிட, நடுவே இருவர் பறிக்கப் பார்ப்பார்கள். பார்த்தால் சின்னப் பிள்ளைகள் விளையாட்டு. ஆனால் ஒரு ஆட்டத்துக்கு வேண்டிய முக்கால்வாசி அதில் இருக்கிறது: உடம்பை எப்படித் திறந்து நிற்பது, எந்தக் காலில் வாங்குவது, எந்தக் காலுக்குக் கொடுப்பது, பந்து போனால் அந்த நொடியே எப்படிப் பறிப்பது. கூடவே கிளப்பின் சிறுவர் அணிகளும் ஒரே முறையில் ஆட வேண்டும் என்றார். உயரம் பார்த்து எடை பார்த்துப் பையன்களைத் திருப்பி அனுப்பும் வழக்கத்தை உடைத்தார். பின்னால் சாவி, இனியெஸ்டா, மெஸ்ஸி என்று சின்ன உருவங்கள் அந்த வாசல் வழியாக வந்ததற்கு இது பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

1992 வெம்ப்ளி?

மே 20, எதிரே இத்தாலியின் சம்ப்தோரியா. பார்சிலோனா ஐரோப்பியக் கோப்பையை அதுவரை வாங்கியதே இல்லை, 1986-இல் இறுதிவரை வந்து பெனால்டிகளில் தோற்ற பயம் வேறு. ஆட்டக்காரர்களிடம் கடைசியாக அவர் சொன்னது: "வெளியே போங்கள், அனுபவியுங்கள்." 90 நிமிஷம் கோலே இல்லை. கூடுதல் நேரத்தில், 112-ஆவது நிமிஷம், ஃப்ரீ கிக், கூமன் அடித்த அடி சுவரைத் தாண்டி வலைக்குள். மழைக்கோட்டு போட்ட க்ரைஃப் விளம்பரப் பலகையைத் தாண்டப் போய்க் கால் தடுக்கித் தடுமாறும் அந்தக் காட்சியைத் தேடிப் பாருங்கள்.

1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு லீக் பட்டங்கள். பின்னால் வந்த மூன்றும் கடைசி நாளில் அடுத்தவர் சறுக்கியதால் கிடைத்தவை: இரண்டு வருஷம் டெனரிஃபே அணி ரியல் மாட்ரிட்டைத் தோற்கடித்தது, மூன்றாம் வருஷம் டெபோர்டிவோவின் ஜூகிச் கடைசி நிமிஷப் பெனால்டியைக் கோட்டைவிட்டார். அதிர்ஷ்டமும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. மொத்தம் 11 கோப்பைகள்.

சூப்பா சூப்ஸ் மிட்டாய் என்ன கதை?

கடும் புகைப்பழக்கம். பாதி ஆட்ட இடைவேளையிலேயே பிடிப்பார். 1991 பிப்ரவரியில் இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது, அன்றோடு சிகரெட்டை விட்டார். அதற்குப் பதிலாக ஆட்டம் நடக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்து குச்சி மிட்டாய் சப்பிக்கொண்டிருப்பார். கட்டலோனிய அரசின் விளம்பரத்தில் சிகரெட் பெட்டியைப் பந்து மாதிரி காலில் தட்டித் தட்டி, கடைசியில் உதைத்து விரட்டினார். கால்பந்து எனக்கு எல்லாவற்றையும் கொடுத்தது, புகை எல்லாவற்றையும் பறிக்கப் பார்த்தது என்பது அதன் சாரம். 2015-இல் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது, ஐந்து மாதத்தில் போய்விட்டார்.

தோல்வியே இல்லையா?

1994 மே 18, ஏதென்ஸ். சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் மிலானிடம் 4-0. மிலானின் இரண்டு முக்கிய டிஃபெண்டர்கள் ஆடவில்லை, எல்லோரும் பார்சிலோனா என்றே சொன்னார்கள், க்ரைஃபும் அதிகப்படியாகவே நம்பினார். லௌட்ரப்பை வெளியே உட்கார வைத்தார், வெளிநாட்டவர் மூன்று பேர்தான் என்ற விதி. லௌட்ரப் அந்தக் கோடையிலேயே ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார். அது க்ரைஃபின் தப்பு, என்னால் வேறு மாதிரி சொல்ல முடியவில்லை. அதன் பிறகு இரண்டு சீசன் ஒரு பெரிய கோப்பையும் இல்லை, 1996 மே மாதம் சத்தமும் சண்டையுமாக நீக்கப்பட்டார். வேறு கிளப் எதற்கும் அவர் பயிற்சியாளராகப் போகவே இல்லை. 2009 முதல் 2013 வரை கட்டலோனியத் தேர்வு அணியை மட்டும் நட்பு ஆட்டங்களில் நடத்தினார்.

நெதர்லாந்து தேசிய அணிக்கு ஏன் பயிற்சியாளராகவில்லை?

1994 உலகக் கோப்பைக்குப் பேச்சுவார்த்தை நடந்தது, உடன்பாடு வரவில்லை. 2010 இறுதிப் போட்டியில் நெதர்லாந்து ஸ்பெயினை முரட்டுத்தனமாக அடித்து ஆடியபோது, சொந்த நாடு என்று பார்க்காமல் அந்த ஆட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். அன்று ஸ்பெயின் ஆடிய ஆட்டம் அவர் விதைத்தது.

எந்த ஆட்டத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

1974 இறுதிப் போட்டியின் முதல் இரண்டு நிமிஷம். கோலைப் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் க்ரைஃப் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். அணியின் சென்டர் ஃபார்வர்டு, ஆனால் பந்தை வாங்கும்போது தன் பக்கத்தில் கீப்பரைத் தவிர அவருக்குப் பின்னால் கிட்டத்தட்ட யாருமே இல்லை. அங்கேயிருந்து நடை, பிறகு மெதுவான ஓட்டம், ஃபோக்ட்ஸ் எதிரே வருகிறார், ஒரு நொடி நிறுத்தம், திடீரென்று வேகம்.